ஔவைக்கு வயது 31

"வயசு என்னம்மா?"

சரித்திர நாடகம் ஒன்றில் ஔவையார் வேடம் கேட்டு நடிகர் தேர்வுக்குப் போன என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. முப்பத்தொன்று என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் அன்பாகத்தான் சொன்னார்: "ஔவையாருக்கு வயசு பத்தாதே தாயி."

"எந்த ஔவையாருக்கு சார்?" என்று கேட்டேன். துடுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அன்று பதில் கிடைக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

தருமபுரியில் அதியமான் நாடகம் போடாத தலைமுறை இல்லை. சங்க காலத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. சேலம் போகிற சாலையில் அதியமான்கோட்டை இருக்கிறது, அங்கே அவன் பெயரில் கோட்டமும் இருக்கிறது. பேருந்துக்கும் பள்ளிக்கும் பேக்கரிக்கும் அவன் பெயர். அவன் பெயரைச் சொன்னால் அடுத்த மூச்சில் ஔவையின் பெயரும் வரும். ஆகவே எங்கள் ஊரில் யார் சரித்திர நாடகம் போட்டாலும் அதில் ஒரு பெண் பாத்திரம் நிச்சயம் உண்டு. அந்த ஒரு பாத்திரத்தையும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்க முடியவில்லை என்பதுதான் என் வழக்கு.

குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்தக் குழுவின் குறை என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியடைந்துவிடுவார்கள். அவர்கள் சம்பளத்துக்காக நடிப்பவர்கள் இல்லை. அலுவலகம் முடிந்தும் கடையடைத்தும் வந்து சொந்தக் காசைப் போட்டு நாடகம் நடத்துகிறவர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். மதிப்பதால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வாசலில் போய் நின்றேன்.

வாசலில் ஒரு தம்பி பெயர்ப் பட்டியலோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "லேடீஸ் எல்லாம் கடைசியிலக்கா" என்றார். நாங்கள் நான்கு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்தோம். பதினோரு மணிக்கு வந்த ஆண் உள்ளே போனார், பன்னிரண்டு மணிக்கு வந்தவரும் போனார். ஒரு மணிக்கு எங்களில் ஒருத்தி, குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்தவள், எழுந்து போனாள். இரண்டரைக்கு இன்னொருத்தி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். மூன்று மணிக்கு மிச்சமிருந்த இருவரையும் கூப்பிட்டார்கள். அதற்குள் ஔவையார் வேடம் முடிவாகியிருந்தது. நண்பகலில் வந்து பாடிக் காட்டிய, பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு அது போய்விட்டது. நல்ல குரல் அவருக்கு. திண்ணையிலிருந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கென்று ஒதுக்கியது, அதியமானின் அரண்மனையில் தாம்பாளத்தில் நெல்லிக்கனி ஏந்தி வருகிற பணிப்பெண். வசனம் இல்லை. முதல் பாதியில் ஒரு நடனம் உண்டு. ஒத்திகை மாலை ஏழிலிருந்து பத்து மணி வரை. "வூட்டுக்காரர் சம்மதம்னு ஒரு லெட்டர் வாங்கியாந்துரும்மா, பின்னாடி பிரச்சனை வரக்கூடாது பாரு" என்றார்கள். அதியமானாக நடிக்கப்போகிறவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் மனைவியிடம் கடிதம் வாங்கி வந்தாரா என்று கேட்டேன். மறுபடியும் சிரிப்பு.

நான் தயாரித்துக்கொண்டு போனது ஒரு வாசற்காட்சி. புறநானூற்றின் 206-ஆம் பாடல். பரிசில் தராமல் காலம் தாழ்த்துகிற அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலில் நின்று ஔவை பாடியது. வாயிற்காவலனைப் பெயர்சொல்லாமல் இருமுறை விளிக்கிறாள். உன் அரசனுக்குத் தன் தரம் தெரியவில்லையா, என் தரம் தெரியவில்லையா என்று கேட்கிறாள். அறிவும் புகழும் உடையவர்கள் செத்துப்போய் உலகம் வறண்டுவிடவில்லை என்கிறாள். எங்கள் கருவிகளைச் சுருட்டிக் கட்டிவிட்டோம், கோடரியோடு காட்டுக்குள் போகிற தச்சனின் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கமும் மரம் இருப்பதுபோல, கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். இதைப் பேச்சு வழக்கில் எழுதி, ஒரு வாரம் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"நம்ம நாடகத்துல அந்தக் காட்சியே இல்லையேம்மா" என்றார்கள்.

இல்லைதான். ஔவை கேட்கும் இடம் இல்லை, கோபப்படும் இடம் இல்லை. நெல்லிக்கனி வாங்கும் இடமும், தூது போகும் இடமும், வாழ்த்தும் இடமும் உண்டு. நாடகத்தில் ஔவை எப்போதும் ஆசி வழங்குகிறாள். நான்கைந்து மணி நேரம் ஒரு வாசலில் காத்துக்கிடந்துவிட்டு உள்ளே போன எனக்கு, அவர்கள் எந்தக் காட்சியை வெட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

நாமெல்லாம் ஔவையை எங்கே முதலில் பார்த்தோம்? பள்ளி மாறுவேடப் போட்டியில். பையன்களுக்குக் கட்டபொம்மன், பாரதியார், நேரு என்று எத்தனையோ வேடங்கள். பெண்களுக்குப் பாரதமாதா, ஜான்சிராணி, ஔவையார். நான் எட்டாம் வகுப்பில் ஔவையாராகப் போனேன். அம்மாவின் வெள்ளைச் சேலை, தலையில் மாவு, நெற்றி நிறைய விபூதி, கையில் தாத்தாவின் தடி. முதுகை வளைத்து நட என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். பதின்மூன்று வயதில், நிமிர்ந்து நடக்கத் தொடங்க வேண்டிய நேரத்தில், முதல் பரிசுக்காகக் கூன்போடக் கற்றுக்கொண்டேன். எவர்சில்வர் டம்ளர் ஒன்று கிடைத்தது.

பிறகு பல வருடம் கழித்து அந்தப் பாடல்களை உரையோடு படித்தபோது, நான் வேடம் போட்ட கிழவியை அங்கே காணவில்லை. சங்க நூல்களில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. இந்தப் பாடல்களில் தடி இல்லை, விபூதி இல்லை, பிள்ளையார் இல்லை. புறம் 89-இல் பகை மன்னன் ஒருவன் பேசுகிறான். அணிகலன் பூண்டு, கண்ணுக்கு மை தீட்டி, ஒளிவீசும் நெற்றியோடு நிற்கிற விறலியே, உங்கள் நாட்டில் போரிட ஆள் உண்டா என்று கேட்கிறான். அவள் பதில் சொல்கிறாள்: அடித்தாலும் அஞ்சாத பாம்பைப் போன்ற வீரர் உண்டு, காற்று மோதி முரசு ஒலித்தாலே போர் வந்துவிட்டதென்று துள்ளியெழுகிற தலைவனும் உண்டு. புறம் 95-இல் அவள் தொண்டைமானிடம் தூது போனவள். அவன் தன் ஆயுதச் சாலையைக் காட்டிப் பெருமைப்பட, உன்னுடையவை மயிற்பீலி சூடி நெய்பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவை குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வதுபோல் அவமானப்படுத்தும் இந்த வித்தையை எந்த அரசியல்வாதியும் இவளிடம் பாடம் கேட்கலாம்.

அதியமான் இறந்தபோது பாடிய 235-ஆம் பாடலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடித்து மகிழ்வான் என்று நினைத்து அழுகிறாள். நரந்தம் மணக்கும் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்கிறாள். கள் குடிக்கிறவள், இறைச்சி தின்கிறவள், ஓர் ஆண் தன் தலையைக் கோதியதை ஊரறியப் பாடுகிறவள், அதற்காக வெட்கப்படாதவள். அவள் மனைவியா காதலியா தோழியா என்று பாடல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

இது வயதுச் சான்றிதழ் ஆகாது என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். 89-இல் வருகிற விறலி கவிஞரின் பாவனையாக இருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும். அவள் இளையவள் என்பதற்கு ஒரு பாடலாவது நான் காட்டுகிறேன். நெல்லிக்கனி வாங்கிய ஔவை தடியூன்றிய கிழவி என்பதற்குச் சங்கப் பாடல் ஒன்றை அவர்கள் காட்டட்டும்.

கிழவி பின்னால் வந்தவள். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எழுதிய ஔவை வேறொருவர், பல நூற்றாண்டுகள் பிந்தியவர் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் செய்தி. கதைகள் இவர்களையெல்லாம் ஒருத்தியாகக் குழைத்துவிட்டன. நாவல் மரத்தடியில் முருகனோடு பேசியவளும், கள்ளைப் பகிர்ந்தவளும், பிள்ளையாரைப் பாடியவளும் ஒரே உடம்பு. அந்த உடம்புக்கு எந்த வயதைக் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது நம் சமூகம் தேர்ந்தெடுத்தது முதுமையை. கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரை வேண்டி, இளமையிலேயே கிழவியாகிவிட்டாள் என்று ஒரு கதையும் கட்டியது.

அந்தக் கதையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரு பெண் ஊர் ஊராகப் போக வேண்டும், அரசர்களோடு சமமாகப் பேச வேண்டும், தன் தொழிலைச் செய்ய வேண்டும், கல்யாணம் வேண்டாம். இத்தனைக்கும் அவள் கொடுக்க வேண்டிய விலை அவள் இளமை. உடம்பைத் துறந்தால் தெரு கிடைக்கும். இதைத்தான் பக்திக் கதை என்று நம் பெண் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1953-இல் ஜெமினி எடுத்த படமும் இதையே சொன்னது. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த சிலையும் முதியவள்தான்.

ஆகவே "வயசு பத்தாது" என்பது ஒப்பனை சம்பந்தமான பேச்சு இல்லை. ஒப்பனைதான் பிரச்சனை என்றால் அதைத் தீர்த்து எத்தனையோ காலமாகிறது. 1940-களில் ஔவையார் நாடகத்தில் ஔவையாக நடித்துப் புகழ்பெற்றவர் டி.கே. சண்முகம். அந்த வேடத்தால் ஔவை என்பது அவர் பெயரின் முன்னொட்டாகவே ஆனது, சென்னையில் ஒரு சாலைக்கும் அந்தப் பெயர் வந்தது. அவர் 1912-இல் பிறந்தவர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிழவி வேடம் கட்டியபோது அவருக்கும் முப்பதை ஒட்டிய வயதுதான். அவரிடம் யாரும் வயது பத்தாது என்று சொல்லவில்லை. முப்பது வயது ஆண் ஔவையாகலாம். ஓய்வு பெற்ற ஆண் ஔவையாகலாம். முப்பத்தொரு வயதுப் பெண் தாம்பாளம் ஏந்தலாம்.

சண்முகத்தின் கலையைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை, விருப்பமும் இல்லை. கேள்வி கலையைப் பற்றியதன்று, கதவைப் பற்றியது. தமிழில் பயில்முறை நாடகத்தின் கதவு எப்படி அமைந்தது என்று பாருங்கள். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக, கௌரவமாக நடிக்கலாம் என்று காட்டிய சபை அது. நாடகக்காரன் என்றால் பெண் கொடுக்கத் தயங்கிய காலத்தில் அது பெரிய காரியம். ஆனால் அந்தக் கௌரவம் ஆண்களுக்குள் அடங்கியது. பம்மல் நாயகனாக நடிக்க, நாயகியாக நடித்தவர் ரங்கவடிவேலு என்ற ஆண். தொழில்முறைப் பக்கத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கியது பால சபை, சிறுவர்களின் குழு. டி.கே. சண்முகமும் அங்கே வளர்ந்தவர்தான். ஸ்திரீபார்ட் என்றால் குரல் உடையாத பையன் என்று பொருளாயிற்று.

அந்தக் காலத்தில் பெண்கள் நடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்தே கம்பெனி நடத்தினார். ஆண் வேடங்களையும் பெண்களே கட்டினார்கள். அவர் நாடகத்துக்காகச் சிறப்பு ரயில்கள் விட்டதாகச் சொல்வார்கள். அவரோ கடைசிக் காலத்தில் வறுமையில் கிடந்தார். ஆண் பெண் வேடம் கட்டினால் கலை, பெண் ஆண் வேடம் கட்டினால் அவள் எந்தக் குலம், யாருடைய வைப்பு என்ற விசாரணை. பாதை ஒருவழிப் பாதையாக இருந்தது. கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் பக்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்து ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். இவ்வளவு பெரிய நடிகையைத் தமிழ்நாடு மனப்பூர்வமாகக் கும்பிட்டது எப்போது? கிட்டப்பா 1933-இல் இறந்தபின், இருபத்தைந்து வயதில் அவர் வெள்ளைச் சேலைக்கு மாறி, பக்திப் பாட்டுக்காரராக ஆன பிறகு. அதே சுந்தராம்பாள்தான் 1953-இல் ஔவையார். அவர் துக்கம் அவருடையது, அதைப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த வெள்ளைச் சேலையைப் பார்த்து நிம்மதியடைந்த ரசிகர்களைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

"நம்ம மண்ணுல கூத்துலயே ஆம்பளைதான் பாஞ்சாலி. அது மரபும்மா" என்றார் மேசையின் இடதுபக்கம் இருந்தவர். சரி, கூத்துக்கே வருவோம். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்தால் ராத்திரி கூத்து உண்டு. பாஞ்சாலி வேடம் கட்டி வரும் ஆணின் காலில் என் பாட்டி விழுந்து கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் வேடம் கலைத்ததும் வெறும் பீடி குடிக்கிற பெரியப்பா. வேடத்தில் இருக்கும்வரை அம்மன். அந்த ஆண்கள் வறுமையிலும் விடாமல் காப்பாற்றிய கலை அது. அவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை.

ஆனால் அதே இரவுகளில் பெண்கள் எங்கே இருந்தோம் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அர்ச்சுனன் தபசன்று, உயரமான தபசு மரத்தின் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் விழும். குழந்தை இல்லாத பெண்கள் கீழே முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். துகில் உரியும் இரவில் அழுவதும், படுகளத்தன்று கும்பிடுவதும், வேடம் கட்டியவர்களுக்குச் சோறு ஆக்கிப்போடுவதும் நாங்கள்தான். ஒரு பெண்ணின் அவமானத்தையும் சபதத்தையும் பதினெட்டு நாள் கொண்டாடுகிற திருவிழாவில் பெண் பார்வையாளர் மட்டுமே. அதுவும் மாறாத மரபா என்றால், இல்லை. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில், 2002 முதல் 2020 வரை, சிறுமிகளும் சேர்ந்து கற்றார்கள். கட்டை கட்டினார்கள், கிரீடம் வைத்தார்கள், விடிய விடிய ஆடினார்கள். கூத்துக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த ஒரு வாத்தியாரே பெண்களுக்குக் கதவைத் திறந்திருக்கிறார். கூத்தைப் பார்த்து மட்டும் பழகிய ஆசாமிகள் மரபின் பெயரால் கதவைச் சாத்துகிறார்கள்.

அடுத்த பதில் பாதுகாப்பு. "பத்து மணிக்கு மேல பொம்பளைப் பிள்ளை எப்படி வூட்டுக்குப் போவும்? எங்களுக்குப் பொறுப்பு இல்லையா?" என்றார்கள். அக்கறைக்கு நன்றி. ஆனால் ஒத்திகையை ஏழு மணிக்கு வைத்தது சூரியன் இல்லை, அவர்கள்தான். எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஒன்பதே கால். 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. பயணம் இலவசம், போய்ச் சேர இடம்தான் இல்லை. ஞாயிறு பகலில் ஒத்திகை வைக்கலாமே என்றேன். ஞாயிறு குடும்பத்தோடு இருக்கிற நாள் என்றார்கள். யாருடைய குடும்பம், அந்த ஞாயிற்றுக்கிழமை யார் சமைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அதற்குமேல் சிரிப்பு வாங்க எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவது பதில்தான் எல்லாவற்றிலும் பழையது: "பொம்பளைங்க எங்கம்மா வர்றாங்க?" நான்கு பேர் வந்தோம். இருவரைத் திண்ணையிலேயே தொலைத்தீர்கள். மூன்றாமவளுக்கு நடனம் கொடுத்தீர்கள், அவள் வீட்டில் அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான்காமவளிடம் கடிதம் கேட்டீர்கள். அடுத்த வருடம் ஒருத்தியும் வரமாட்டாள், அப்போது அதையே சாட்சியாகக் காட்டுவீர்கள்.

கடைசியாக, "ஒரு நாடகம்தானே, இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய பேச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. என் வீட்டிலும் கேட்டார்கள். அவர்களுக்கு எங்கள் மாவட்டத்தை நினைவுபடுத்துகிறேன். பெண் குழந்தைகளைக் கொல்லாமல் எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசாங்கம் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. தொட்டில் வைக்க வேண்டிய நிலையில் இருந்த ஊர் இது. பத்தாவது முடிப்பதற்குள் கல்யாணம் பேசப்பட்ட தோழிகள் எனக்கு உண்டு. இந்த ஊர் மேடையில் ஒரு நாள் ஒரு இளம்பெண் ஏறி நின்று, அரசனின் வாசலில் என் தரம் உனக்குத் தெரியவில்லையா என்று உரக்கக் கேட்டால், கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண் அதைக் கேட்பாள். அதே வசனத்தைப் பெரியவர் ஒருவர் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு குரல் நடுங்கச் சொன்னாலும் கேட்பாள். இரண்டும் அவளுக்கு ஒன்றல்ல. முதலாவதில் தான் அங்கே நிற்கலாம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவதில் கிழவியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்று தெரியும்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1990-களின் இறுதியிலேயே இன்குலாப் 'ஔவை' நாடகத்தை எழுதினார், அ. மங்கை அதை மேடையேற்றினார். விபூதிக் கிழவியைக் கழற்றி வைத்துவிட்டு, பாணர் கூட்டத்தோடு பாடித் திரிகிற விறலியை அவர்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஔவையைக் கிழவியாக்கியபோது நாம் மறைத்தது அவள் இளமையை மட்டும் இல்லை. பசியோடு ஊர்விட்டு ஊர் போன ஒரு கலைக்குடியையும் மறைத்தோம். கள்ளையும் இறைச்சியையும் எடுத்துவிட்டு விபூதியைப் பூசினால், அவள் யார் வீட்டுப் பெண் என்பதும் மறைந்துபோகும். கால் நூற்றாண்டு ஆகிறது. அந்த ஔவை அவளுடைய சொந்தத் தகடூருக்கு வந்துசேர இன்னும் எத்தனை பஸ் மாற வேண்டுமோ தெரியவில்லை.

பயில்முறை நாடகக் குழு நடத்துகிற அண்ணன்களுக்கு என் கோரிக்கைகள் சிறியவை. பெண்ணையும் ஆணையும் வந்த வரிசையிலேயே கூப்பிடுங்கள். ஆணிடம் கேட்காத கடிதத்தைப் பெண்ணிடம் கேட்காதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு ஒத்திகை நேரத்தை முடிவு செய்யுங்கள். பெண் பாத்திரத்தை ஆணுக்குத் தரலாம், தாராளமாகத் தாருங்கள். ஆனால் அதே நாளில் ஆண் பாத்திரத்தைப் பெண்ணுக்கும் கேட்க விடுங்கள். அதியமானுக்கு நான் வசனம் பேசிக் காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நன்றாக நடிக்கவில்லை என்று நிராகரிக்கப்படுவது எனக்குச் சம்மதம். அந்த நிராகரிப்பு ஒரு நடிகைக்குக் கிடைக்கிற மரியாதை. அதுகூட அன்று எனக்குக் கிடைக்கவில்லை, என்னை யாரும் நடிக்கச் சொல்லவே இல்லை.

போன மாதம் குழுவிலிருந்து போன் வந்தது. தாம்பாளம் ஏந்தும் வேடம் இன்னும் காலியாக இருக்கிறதாம், கடிதம்கூட வேண்டாமாம். நல்ல மனதோடுதான் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொன்னேன். திண்ணையில் அன்று உட்கார்ந்திருந்த மற்ற மூவரையும் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஒருத்தி பாலக்கோட்டில், ஒருத்தி நல்லம்பள்ளியில், ஒருத்தி எங்கள் பக்கத்துத் தெருவில். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்குக் கூடுகிறோம். குழந்தை அவரவர் மடியில். சமையல் முந்தின நாள் குழம்பு. முதலில் எடுத்திருப்பது அந்த வாசற்காட்சியைத்தான். வாயிற்காவலனாக நடிக்க ஆள் தேவைப்படுகிறது. ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் வரலாம், வந்த வரிசையில் கூப்பிடுவோம்.